எளச்சதுக்கு கிடைச்ச ரேட்டிங்

அப்ரைசல் லெட்டர்ல கடைசியா மேனேஜர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல எனக்கு இந்த தடவை வந்தது இதுதான்: இந்த வருஷம் இவர்கிட்ட புது உற்சாகமும் ஈடுபாடும் தெரியுது. ரேட்டிங்கும் நான் இந்த கம்பெனில சேர்ந்ததுல இருந்து வாங்காத ரேட்டிங். வீட்ல காமிச்சேன், அம்மா வாங்கி சாமி படத்துக்கு முன்னாடி வச்சாங்க, பொண்டாட்டி ஸ்வீட் வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பிட்டு அப்புறம் நான் சாப்பிட முடியாதேன்னு ஞாபகம் வந்து பாதி வாசல்ல நின்னா. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த ஒரு வரி மாசக்கணக்கா உறுத்திட்டே இருக்கு. ஏன்னா இந்த வேலையில நான் ரொம்ப கம்மியா உழைச்ச வருஷம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான். அடக்கத்துக்கு சொல்லல, நிஜமாவே கம்மி. ஒண்ணரை மாசம் போல ரோட்டுக்கே போகல, போன பிறகும் சாயங்காலத்துக்கு மேல எந்த டீலர் கடையிலயும் உக்காரல, ராத்திரி பார்ட்டி எதுக்கும் போகல, டார்கெட்டும் அடிக்கல. டார்கெட்ட தாண்டி அடிச்ச வருஷங்கள்ல எல்லாம் ‘எதிர்பார்ப்பை பூர்த்தி செய்கிறார்’. அடிக்காத வருஷத்துல ‘எதிர்பார்ப்பை மிஞ்சுகிறார்’. நடுவுல மாறின விஷயம்னு பார்த்தா என் உடம்புல இருந்து நாப்பது கிலோ காணாம போனது மட்டும்தான்.

பம்ப்செட் கம்பெனில ஏரியா சேல்ஸ் நான். ஆபீஸ் கோயம்புத்தூர்ல, ஆனா வாரத்துல முக்கால்வாசி நாள் பல்லடம், காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம்னு சுத்திட்டுதான் இருப்பேன். பம்ப் விக்கிற வேலைன்னு பேரு, உண்மையில அது சாப்பிடுற வேலை. டீலர் கடைக்குள்ள கால் வச்சதும் டீ, டீயோட வடையோ பஜ்ஜியோ, மத்தியானம் ஆச்சுன்னா ‘வாங் தம்பி’ன்னு மெஸ்சுக்கு கூட்டிட்டு போவாங்க, இல்ல வீட்ல இருந்தே நாட்டுக்கோழி வந்துரும். ஆர்டர் எழுதுறது, பழைய பாக்கிய கேக்குறது, போட்டி கம்பெனி என்ன ஸ்கீம் விட்டிருக்கான்னு தெரிஞ்சுக்கிறது எல்லாம் எலை போட்ட பிறகுதான். ரெண்டாவது தடவை சோறு வேண்டாம்னு சொல்லாத சேல்ஸ்மேன்தான் நல்ல சேல்ஸ்மேன். நான் ரொம்ப நல்ல சேல்ஸ்மேனா இருந்தேன்.

அப்படியே 138 கிலோ வரைக்கும் வந்துட்டேன். உயரம் 173 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்குற பிஎம்ஐ கணக்கு போட்டா 46. சுகருக்கு மாத்திரை போய் இன்சுலின் வந்துச்சு. ஆனா எடை குறைய வயித்துல பண்ற ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கிட்டது சுகருக்காக இல்ல, அழகுக்காக சத்தியமா இல்ல, தூக்கத்துக்காக. ஸ்லீப் ஆப்னியா, ராத்திரி பூரா மூச்சு நின்னு நின்னு வரும், நமக்கு தெரியாது, காலைல எந்திரிச்சா தூங்கின மாதிரியே இருக்காது, பகல் பூரா கண்ண கட்டும். மூஞ்சில மாட்டிக்கிற மெஷின் ஒண்ணு குடுத்தாங்க, வீட்ல இருக்கிற அன்னிக்கு போட்டுக்குவேன், லாட்ஜ்ல தங்குற அன்னிக்கு அத தூக்கிட்டு போக சோம்பல். ஒரு நாள் தாராபுரம் ரோட்ல மத்தியான வெயில்ல கார் தானா இடதுபக்கம் இறங்கி, மண்ல டயர் ஏறின சத்தத்துலதான் முழிச்சேன். எதுத்தாப்ல ஒரு தேங்கா லாரி. டாக்டர்கிட்ட சொன்னப்போ அவர் எழுதிட்டு இருந்த பேனாவ வச்சுட்டு, ‘வேலைய விடுறீங்களா, வெயிட்ட விடுறீங்களா’ன்னு கேட்டார். வேலைய விட முடியாது.

வீட்ல சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிய பாடு. 2024 ஏப்ரல்ல புதுச்சேரிக்காரர் ஒருத்தர், சின்ன வயசு, சென்னையில இந்த ஆபரேஷனுக்கு போய் இறந்துட்டார்ல, அந்த செய்தி டிவில ஓடி முடிஞ்ச சூடு. அம்மா ‘நல்லா இருக்கிற வயித்த எதுக்குடா அறுக்கணும்’னு ஒரே அழுகை. நல்லா இருக்கிற வயிறுன்னு அவங்களுக்கு எப்படி விளக்குறது. கடைசில கார் கதைய சொன்னேன், அதுவரைக்கும் சொல்லாம வச்சிருந்தது. அதுக்கப்புறம் அவங்க பேசல.

லீவும் பேப்பரும்

சீசன் முடியட்டும்னு காத்திருந்தேன். எங்களுக்கு பிப்ரவரி மாசம் ஆரம்பிச்சு மே வரைக்கும்தான் யாவாரம், கிணத்துல தண்ணி கீழ போகப் போக மேல நாங்க பிசி. ஜூன்ல லீவு கேட்டேன். கடை, ஆபீஸ் வேலைக்காரங்களுக்கு 1947-ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல வருஷத்துக்கு 12 நாள் சிக் லீவு, 12 நாள் கேஷுவல், ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு சம்பளத்தோட இன்னொரு 12. மூணையும் கொட்டினாலும் 36. எங்க கம்பெனியும் ஏறக்குறைய அதே கணக்குதான் வச்சிருக்கு, மிச்சத்துக்கு சம்பளம் பிடிப்பாங்க. ஆஸ்பத்திரில மூணு நாலு நாள்தான் வச்சிருப்பாங்க, நாற்காலி வேலைன்னா ரெண்டு மூணு வாரத்துல போகலாம்னும் சொன்னாங்க. ஆனா எனக்கு நாற்காலி வேலை இல்ல, ஆறு வாரத்துக்கு வெயிட் தூக்கக்கூடாது, நீண்ட தூரம் வண்டி ஓட்ட வேண்டாம்னு எழுதி குடுத்துட்டாங்க. கார் டிக்கில சாம்பிள் மோட்டார் ஒண்ண தூக்கி வைக்கிறதே தையல பிரிச்சுரும்.

இன்சூரன்ஸ்தான் தனிக்கதை. ரொம்ப பேர் நினைக்கிற மாதிரி இத காஸ்மெட்டிக்னு சொல்லி ஒரேடியா தள்ளிர முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ 2019-ல பாலிசில எதெல்லாம் கவர் ஆகாதுங்கிறத ஒரே மாதிரி எழுத சொன்னப்போ, உடல் பருமனுக்கு தனியா நிபந்தனை வச்சுது: டாக்டர் சொல்லி செய்யணும், 18 வயசு ஆகியிருக்கணும், பிஎம்ஐ குறைஞ்சது 40 இருக்கணும், இல்லன்னா குறைஞ்சது 35 இருந்து கூடவே கட்டுப்படாத சுகர், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, இதய நோய் மாதிரி ஏதாவது இருந்து மத்த வழியெல்லாம் பார்த்து தோத்திருக்கணும். நான் ரெண்டு வாசல் வழியாவும் உள்ள போற ஆளு. அப்படியும் கேள்விக்கு மேல கேள்வி அனுப்பி, பழைய டயட் சீட்டு முதக்கொண்டு கேட்டு, ஒரு வழியா பெரும்பகுதி பாஸ் பண்ணாங்க. இதுல ஒரு விஷயம் என்னன்னா, கம்பெனி குரூப் பாலிசிங்கிறதால பேப்பர் எல்லாம் ஹெச்ஆர் டேபிள் வழியாத்தான் போகும். நான் எல்லார்கிட்டயும் குடலெறக்கம்னு சொல்லி வச்சிருந்தேன். நான் வீட்டுக்கு டிஸ்சார்ஜ் ஆகுறதுக்குள்ள அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணி, ‘வயித்த கட் பண்ணிட்டாங்களாமே, வலிச்சுதா?’ன்னு கேக்குறார்.

முப்பது மில்லி

எனக்கு பண்ணது பைபாஸ், ஹார்ட்டுக்கு இல்ல, வயித்துக்கு. மேல் வயித்துல 30 மில்லி அளவுக்கு சின்ன பை ஒண்ண பிரிச்சு, அத நேரா சிறுகுடலோட ஜாயின் பண்ணிருவாங்க. 30 மில்லின்னா இருமல் சிரப் பாட்டில் மூடில மூணு மூடி, அவ்ளோதான் அப்ப என் வயிறு. அத வச்சுக்கிட்டு நான் டீலர் கடைக்கு போகணும்.

ரோட்டுக்கு திரும்பின முதல் வாரம் பையில சாம்பிள் கேட்லாக் இருந்த இடத்துல பிளாஸ்க் இருந்துச்சு. மோர், பருப்புத் தண்ணி, புரோட்டீன் பவுடர். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன் போகணும், அதுவும் வாய் வாயா. தண்ணிய மடமடன்னு குடிக்க முடியாது, சாப்பாட்டோட சேர்த்தும் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரைமணி கழிச்சு குடிக்கணும். மூலனூர் பக்கத்து வெயில்ல இது எவ்ளோ பெரிய தண்டனைன்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். முன்னாடி ஒரு சொம்ப அண்ணாந்து கவுத்தின ஆளு, இப்ப பாட்டில் மூடிய திறந்து வச்சுக்கிட்டு நிமிஷத்துக்கு ஒரு மடக்கு. மேலுக்கு பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின்னு ஒரு டப்பா, அது ஆயுசுக்கும். முதுகு வலிக்குதுன்னு மெடிக்கல்ல போய் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டு வண்டிய எடுக்கிற வழக்கமும் போச்சு, டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் பைபாஸ்காரங்களுக்கு ஆகாது, ஜாயின் பண்ண இடத்துல புண் வந்துரும்.

இதெல்லாம் ஆஸ்பத்திரிலயே சொல்லி அனுப்பினதுதான், பழகிருச்சு. யாரும் சொல்லாதது என்னன்னா, வேண்டாம்னு எப்படி சொல்றதுங்கிறது. காங்கயத்துல ஒரு டீலர் வீட்ல பேத்திக்கு சீர், கடையில வந்தவங்களுக்கெல்லாம் தட்டுல அதிரசம். அவர் கையால எடுத்து நீட்டுறார், இருபது வருஷ பழக்கம், அவர் அப்பா காலத்துல இருந்து நம்ம கம்பெனி போர்டுதான் கடை மேல. மரியாதைக்கு பாதி பிட்டு வாயில போட்டேன். கால் மணி நேரம் கூட ஆகல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேர்த்து சட்ட பூரா நனையுது, வயித்த முறுக்குது, கண்ணு இருட்டுது. டம்பிங்னு பேரு இதுக்கு, சக்கரை நேரா சிறுகுடலுக்குள்ள விழுந்து உடம்புல இருக்கிற தண்ணிய அங்க இழுக்கிறதால வர்றது, படுத்தா அரைமணி ஒரு மணில சரியாயிரும். ஆனா கடையில இருக்கிறவங்களுக்கு அது தெரியுமா? ஹார்ட் அட்டாக்னு நினைச்சு பம்ப் அட்டைப்பெட்டி மேல என்ன படுக்க வச்சு ஒருத்தர் விசிற, ஒருத்தர் ஆம்புலன்ஸ்க்கு போன் போட, டீலரோட சம்சாரம் அதிரசத்துல என்ன கலந்துச்சோன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. எழுந்து உக்காந்து விளக்கி சொல்றதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிருச்சு. அன்னிக்கு அந்த கடையில ஆர்டர் எழுதல.

ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். பிளாஸ்டிக் சேர். குண்டா இருக்கிறவனுக்கு டீலர் கடை பிளாஸ்டிக் சேர் மாதிரி ஒரு எதிரி கிடையாது. உள்ள நுழையும்போதே அது எத்தனை வருஷத்து சேர், கால்ல விரிசல் இருக்கான்னு கண்ணு போகும், ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்டு உக்காருவேன், முழு வெயிட்ட விடாம தொடைய இறுக்கிட்டே ஆர்டர் எழுதுவேன். இப்ப சேர பாக்காம உக்காந்துட்டேன்னு ஒரு நாள் எழுந்த பிறகுதான் தோணுச்சு.

சந்தையில என்ன பேசிக்கிட்டாங்க

நாலாவது அஞ்சாவது மாசம் வேகமா எறங்குச்சு. வயிறு போச்சு, அதவிட சீக்கிரமா மூஞ்சி போச்சு. கன்னம் ஒட்டி, கழுத்து தொங்கி, மயிர் கொத்து கொத்தா கொட்ட ஆரம்பிச்சுது, அது மூணாவது மாசத்துல இருந்து ஆறாவது மாசம் வரைக்கும் நிறைய பேருக்கு நடக்குறதுதான், திரும்ப வந்துரும். பழைய சட்டைய போட்டுக்கிட்டு கண்ணாடில பார்த்தா எனக்கே பாவமா இருக்கும். புதுசு வாங்கலாம்னா அடுத்த மாசம் அதுவும் தொளதொளக்கும்.

எங்க பக்கம் ஒரு ஆளு திடீர்னு எளச்சா அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான். ‘ஏனுங் தம்பி, ஒடம்புக்கு என்னுங்?’ ‘ஒண்ணுமில்லீங்ணா, குடலெறக்கம், ஆபரேஷன் பண்ணிருக்குது.’ ‘குடலெறக்கத்துக்கா இப்படி எளைக்கும்?’ கேட்ட டீலர் என்னையே பார்த்துட்டு, மேல கேக்காம, டீ சொன்னார். அந்த கேக்காம விட்டதுதான் எனக்கு பயத்த குடுத்துச்சு. ரெண்டு வாரத்துல லைன் பூரா பரவிருச்சு: அவருக்கு கேன்சராம், வெளிய சொல்லலையாம். போட்டி கம்பெனி பையன் ஒருத்தன் இத ரொம்ப வருத்தமா ஒவ்வொரு கடையிலயும் சொல்லிட்டு, அப்படியே அவன் ஸ்கீம் நோட்டீஸையும் குடுத்துட்டு போயிருக்கான். தொழில் தெரிஞ்சவன்.

வெள்ளக்கோவில்ல ஒரு பெரியவர், பாக்கி வைக்கிறதுல எங்க ஏரியாவுலயே பேர் போனவர், மூணு வருஷமா ஒரு பழைய பில்ல ‘மோட்டார் ரிட்டர்ன் வந்துச்சுல்ல, அதுல கழிச்சுக்கலாம்’னு இழுத்துட்டே இருந்தார். ஒரு நாள் நான் கேக்காமலே செக் புக்க எடுத்தார். ‘இந்தாங் தம்பி, பழைய பாக்கி முச்சூடும் இதுல முடிஞ்சுது. நீங்க இருக்கறப்பவே கணக்க நேர் பண்ணிரோணும்னு நெனச்சனுங்.’ எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கண்ணுலயும் வந்துச்சு. அப்புறம்தான் முடிவு பண்ணேன், குடலெறக்கம் கதை போதும், உள்ளத சொல்லிரலாம்னு. சுகர், தூக்கம், வயித்துல ஆபரேஷன், இனி கொஞ்சம்தான் சாப்பிட முடியும், இனிப்பு ஆகாது. அவர் முழுசா கேட்டுட்டு செக்க திருப்பி கேப்பாரோன்னு ஒரு நிமிஷம் பயந்தேன், கேக்கல. ‘அட, அவ்ளோதானா’ன்னார். அடுத்த தடவை போனப்போ டீக்கு பதிலா ஒரு அவிச்ச முட்டை வந்துச்சு, மஞ்சக்கரு எடுத்துட்டு. எங்கயோ விசாரிச்சிருக்கார், மஞ்சக்கரு தாராளமா சாப்பிடலாம்னு நான் சொல்லல.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, சந்தையில என் எளைப்புக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு, நோயாளி, சீக்கிரம் போயிருவான், கணக்க முடி. தப்பான அர்த்தம்தான், ஆனா முகத்துக்கு நேரா கேட்டாங்க, நான் பதில் சொன்னேன், மாத்திக்கிட்டாங்க. ஆபீஸ்ல அதே எளைப்புக்கு நேர் எதிரா ஒரு அர்த்தம் ஓடிட்டு இருந்துச்சு, அத யாரும் என்கிட்ட கேக்கல, பாராட்டா வந்ததால நானும் பதில் சொல்ற வாய்ப்பே இல்ல.

அந்த ரூம்ல

அப்ரைசல் பேச்சு. எங்க ஜோனல் ஹெட் நல்ல மனுஷன், அத முதல்லயே சொல்லிடுறேன், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த ரெண்டு மூணு பேர்ல அவர் ஒருத்தர், அன்னிக்கு வாசல்ல நின்னு என் சம்சாரத்துகிட்ட பணம் ஏதாவது வேணுமான்னு கேட்டவர். உள்ள போனதும் கைய பிடிச்சு குலுக்கி, ‘என்னய்யா, அடுத்த வருஷம் ஹீரோவா நடிக்க போயிருவ போல’ன்னார். ரெண்டு மாசம் முன்னாடி புது மாடல் லாஞ்சுக்கு ஈரோட்ல டீலர் மீட் நடந்தப்போ மேடையில பேச சொன்னது என்னத்தான், இத்தன வருஷத்துல முதல் தடவை. முன்னாடியெல்லாம் ஸ்லைடு தயார் பண்றது நான், மேடையில பேசுறது வேற ஆளு. அத ஞாபகப்படுத்தி பாராட்டினார். அப்புறம் ரேட்டிங்க சொன்னார்.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். ‘சார், நம்பர் கம்மியா இருக்கே’ன்னு கேட்டேன். அவர் கைய அசைச்சார், ‘விடுய்யா, மழை அப்படி. போர்வெல்ல தண்ணி நின்னா எவன் சப்மெர்சிபிள் மோட்டார் வாங்குவான், அது உன் தப்பா?’ நியாயம்தான், அந்த வருஷம் மழை நல்லா பேஞ்சுது, அமராவதி பாசனத்துல எல்லாம் மோட்டார ஓட்ட வேண்டிய வேலையே இல்ல. ஆனா எனக்கு உடனே ஞாபகம் வந்தது அதுக்கு முன்னாடி ஒரு வறட்சி வருஷம். ஊர் ஊரா போர் ஆயிரம் அடிக்கு போயிட்டு இருந்துச்சு, நான் 118 பர்சென்ட் அடிச்சேன், இதே ரூம், இதே நாற்காலி, இதே மனுஷன், அன்னிக்கு சொன்னது: ‘வறட்சிப்பா, இந்த வருஷம் யார் வேணா வித்திருப்பாங்க.’ ரேட்டிங், பூர்த்தி செய்கிறார்.

அத அப்படியே சொன்னேன். கோவமா சொல்லல, கணக்கு கேக்குற மாதிரிதான் சொன்னேன். நம்பர் நல்லா இருந்தப்போ அது வானத்தோட வேலை, நம்பர் விழுந்தப்போ அதுவும் வானத்தோட வேலை, அப்ப என் வேலைன்னு நீங்க பார்த்தது என்ன சார்? அவர் முகம் ஒரு நிமிஷம் மாறுச்சு. யோசிச்சார். அப்புறம் ரொம்ப நேர்மையா ஒரு பதில் சொன்னார், பொய் சொல்லியிருந்தா இந்த கட்டுரையே நான் எழுதியிருக்க மாட்டேன்: ‘இல்லய்யா, அப்பல்லாம் உன்ன பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்கும். நீ ரூமுக்குள்ள வந்தாலே டயர்டா இருக்கும். இப்ப உன்ன பார்த்தா ஒரு தெம்பு வருது.’

அதுக்கு மேல நான் எதுவும் பேசல. தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன். படிக்கட்டுல இறங்கும்போது, லிஃப்ட் இருந்தும் படிக்கட்டுல இறங்குற பழக்கம் இப்ப, மூணாவது மாடில நின்னு யோசிச்சேன், அவர் சொன்னதுல தப்பு என்ன இருக்குன்னு. ஏன்னா நான் டயர்டாத்தான் இருந்தேன். திங்கக்கிழமை ரிவ்யூல புரொஜக்டர் ஓடிட்டு இருக்கும்போது தலை தொங்கி தூங்கியிருக்கேன், ரெண்டு தடவை குறட்டை விட்டு மொத்த ரூமும் சிரிச்சிருக்கு. ஆபரேஷனுக்கு பிறகு மெஷின் இல்லாம தூங்குறேன், இன்சுலின நிறுத்தியாச்சு, மூலனூர்ல இருந்து திரும்பி வரும்போது ரேடியோ கேட்டுட்டு பாடிட்டு வர்றேன். தெம்பு நிஜம். அவர் கண்ணுக்கு தெரிஞ்சது கற்பனை இல்ல. ஆனா தூங்கினது நான்தான், நம்பர் தூங்கல. அந்த தூக்கத்தோடயே, அந்த மூச்சு வாங்கலோடயே, நாலு ஜில்லா எல்லையில கடை கடையா ஏறி 118 பர்சென்ட் அடிச்ச ஒருத்தன் இருந்தானே, அவனுக்கு தெம்பு இல்லன்னா வேற எது இருந்துச்சு? அவன் இப்ப இருக்கிற என்னவிட கஷ்டப்பட்டு உழைச்சான். அவனுக்கு வராத பேர் எனக்கு வந்திருக்கு.

வீட்ல சொன்னா ‘நல்லது நடந்தா அனுபவிக்க தெரியாத ஜென்மம்’னு திட்டு. சரிதான். கொஞ்ச நாள் ராத்திரில உக்காந்து சட்டம் எல்லாம் தேடி படிச்சேன், இதுக்கெல்லாம் எங்கயாவது ஏதாவது இருக்கான்னு. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல 1976-லயே எடைய வச்சு வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, நியூயார்க் நகரத்துல 2023-ல கொண்டு வந்தாங்க. டென்மார்க்ல குழந்தைகள பாத்துக்கிற வேலையில இருந்த ஒருத்தர், 160 கிலோ போல இருந்தவர், வேலைய விட்டு நீக்கினாங்கன்னு கேஸ் போட்டு அது ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2014 டிசம்பர்ல தீர்ப்பு: குண்டா இருக்கிறதே ஊனம்னு ஆகாது, ஆனா அதனால வேலை செய்யுறதுல நீண்ட காலத் தடை வந்தா ஊனமா எடுத்துக்கலாம். நம்ம 2016 மாற்றுத் திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, பருமன் அதுல இல்ல. படிச்சு முடிச்சப்போ எனக்கே சிரிப்பு. இதெல்லாம் குண்டா இருக்கான்னு துரத்தப்பட்டவங்களுக்கு. என்ன யாரும் துரத்தல, எளச்சான்னு பாராட்டினாங்க. பாராட்டுக்கு எதிரா எந்த ஊர் கோர்ட்டுக்கு போறது?

தம்பி ஒருத்தன்

இதோட விட்டிருப்பேன், நம்பள பிடிச்ச சனியன்னு ஓரமா வச்சிருப்பேன். போன மாசம் சர்வீஸ்ல இருக்கிற தம்பி ஒருத்தன் கேண்டீன்ல தட்ட எடுத்துக்கிட்டு வந்து எதுத்தாப்ல உக்காந்தான். முப்பது வயசு கூட ஆகல, நல்ல பையன், நல்ல பாரம். சேல்ஸுக்கு மாத்தி விடுங்கன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கான், ஃபீல்டுக்கு நீ செட் ஆக மாட்டன்னு சொல்லிட்டாங்க. அவன் வேலை என்ன தெரியுமா, எண்ணூறு அடி போர்ல இருந்து பைப்ப ஒண்ணொண்ணா கழட்டி, மோட்டார மேல எடுத்து, காத்தால ஆறு மணில இருந்து வெயில்ல தோட்டத்துலயே நிக்கிறது. விவசாயிகிட்ட திட்டு வாங்குறதும் அவன்தான், எந்த கிணத்துக்கு எந்த மோட்டார் ஓடும்னு கேக்காமலே சொல்றவனும் அவன்தான். எங்க சேல்ஸ் டீம்ல பாதி பேர் ஷோரூம் ஏசிய விட்டு இறங்குறதில்ல.

என் தட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு மெதுவா கேட்டான், ‘ஏனுங்ணா, நானும் அந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமுங்களா?’

‘சுகர் இருக்கா?’

‘இல்லீங்ணா.’

‘குறட்டை? பகல்ல தூக்கம்?’

‘இல்லீங். நல்லாத் தூங்கறனுங். உங்களுக்கு மேடை குடுத்தாங்கல்ல, அதுக்குதானுங் கேக்கறன்.’

உயரம், எடை கேட்டு போன்ல கணக்கு போட்டேன், 171 சென்டிமீட்டர், 104 கிலோ, பிஎம்ஐ 35-க்கு கொஞ்சம் மேல. கூட வேற வியாதி எதுவும் இல்லன்னா இன்சூரன்ஸ் தராதுன்னு சொன்னேன், அந்த காரணம் போதும், அவன் விட்டுருவான்னு நினைச்சேன். ‘அது தெரியுமுங்ணா, லோன் போட்டுக்கலாம்னு இருக்கனுங்’னான். எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கான். எனக்கு வாய் வரல. உடம்புக்கு தேவைன்னா நானே கூட்டிட்டு போய் டாக்டர்கிட்ட விடுவேன், இந்த ஆபரேஷன் எனக்கு உசிர குடுத்திருக்கு, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா இவன் கேக்குறது உசிருக்கு இல்ல, ட்ரான்ஸ்ஃபருக்கு. ஆயுசுக்கும் மாத்திரை டப்பாவும், அதிரசத்துக்கு பயமும், முப்பது மில்லியும், ஒரு விசிட்டிங் கார்டுக்காக. பண்ணாதன்னு நான் சொன்னா, நீங்க மட்டும்னு அவன் கேக்க மாட்டான், மரியாதையான பையன், மனசுக்குள்ள கேப்பான்.

முதல்ல ரத்தம் குடுத்து முழு செக்கப் பண்ணிட்டு வா, மத்தது அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டு, அன்னிக்கே ஜோனல் ஹெட்டுக்கு மெயில் போட்டேன். அவனோட ஒரு வருஷ சர்வீஸ் கால் விவரம், எத்தன கம்ப்ளெய்ண்ட் முதல் விசிட்லயே முடிஞ்சுது, அவன் சொல்லி எந்தெந்த தோட்டத்துல பழச எடுத்துட்டு நம்ம புது மோட்டார் இறக்கினாங்க, எல்லாத்தையும் டேபிள் போட்டு. ஒட்டன்சத்திரம் லைன என்கிட்ட இருந்து பிரிச்சு அவனுக்கு குடுங்கன்னும் எழுதினேன், அது என் இன்சென்டிவ்ல கைய வைக்கிற விஷயம், வீட்டுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் போன் வந்துச்சு. டேபிள் நல்லா இருக்குன்னார், பையன் கெட்டிக்காரன்தான்னார், ‘பாக்கலாம். நீயே அவன்கிட்ட பேசி கொஞ்சம் வெயிட்ட குறைக்க சொல்லேன், நீ சொன்னா கேப்பான்’னார்.

சொல்ல மாட்டேன் சார்னு சொன்னேன். சிரிச்சுட்டு வச்சுட்டார். திங்கக்கிழமை ரிவ்யூல மறுபடியும் எடுக்கப் போறேன், இந்த தடவை எல்லார் முன்னாடியும், அந்த டேபிள புரொஜக்டர்ல போட்டு. தம்பி நேத்து ராத்திரி ரிப்போர்ட்ட வாட்ஸப்ல அனுப்பியிருக்கான். சுகர் நார்மல், கொலஸ்ட்ரால் கொஞ்சம் தூக்கல், மத்தது எல்லாம் சுத்தம். அதுக்கு கீழயே பேங்க்ல இருந்து வந்த மெசேஜையும் அனுப்பியிருக்கான், லோன் சாங்ஷன் ஆயிருச்சாம்.